நாலு சுவருக்குள் ஓர் அழுகை

— குதிரையை விட்டு இறங்காதீங்க வாரின் அத்தான். இந்த வீட்டு வாசப்படி உங்களுக்கு இல்ல.

— இறங்கியாச்சு, ஏவிஸ். மழையில நனைஞ்சு வந்தவனுக்கு ஒரு குவளை பீர்கூடக் கிடையாதா?

— அக்காவைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள உங்களை ஆல்டன்மூர் பிரபுன்னு கூப்பிடணுமாமே? உங்க ஆளுங்க சந்தையில சொல்லிட்டுத் திரியறானுங்க.

— சட்டம் அப்படித்தான் இருக்கு. பொண்டாட்டி செத்தாலும், அவளுக்கு ஒரு புள்ள உயிரோட பொறந்து, அது அழுத சத்தம் நாலு சுவத்துக்குள்ள கேட்டிருந்தாப் போதும். அப்புறம் அந்தப் புள்ளயே செத்தாலும், புருஷன் சாகற வரைக்கும் கோட்டையும் பட்டமும் அவனுக்கு.

— கேட்டிருந்தா! கேக்கலையே. செத்துத்தான் பொறந்துச்சு. அறைக்குள்ள இருந்தவ நான். நீங்க கதவுக்கு வெளிய.

— வெளிய நின்னவனுக்குக் காது இல்லையா? நான் கேட்டேன். என் வீரனுங்க ரெண்டு பேரும் கேட்டானுங்க.

— உங்க ரொட்டியைத் தின்னு வளர்றவனுங்க. நாய் குரைச்சாலும் புள்ள அழுததுன்னு சத்தியம் பண்ணுவானுங்க.

— பண்ணினாலே போதும். ராஜாவோட அதிகாரி முன்னாடி ஆம்பளை சாட்சிதான் எடுபடும். பொம்பளையை உள்ளயே விட மாட்டாங்க. நீ தொண்டை கிழியக் கத்தினாலும் செல்லாது.

— அப்புறம் எதுக்கு என் வாசல்ல வந்து நிக்கறீங்க? ஜெயிச்சவரு ஊருக்கு விருந்து வைக்க வேண்டியதுதானே?

— சொல்றேன். முதல்ல நீ பேசி முடி. ரொம்ப நாளா உள்ளயே வச்சிருக்க போல.

— ஆமா, வச்சிருக்கேன். எல்லைச் சண்டையில கோட்டையைக் காப்பாத்தினதுக்கு எங்க கொள்ளுத் தாத்தாவுக்கு ராஜா கொடுத்த பட்டம் இது. அதுக்கப்புறம் எங்க வம்சத்துல ஆம்பளைப் புள்ளையே தங்கல. பொம்பளைங்க பெத்துப் பெத்துச் செத்தாங்க. எவனோ ஒருத்தன் வந்து பிரபுன்னு உக்காந்தான்.

— ஃபல்க்கைச் சொல்ற.

— எங்கம்மாவோட ரெண்டாம் புருஷனைத்தான் சொல்றேன்! அம்மா கடைசியாப் பெத்த புள்ள அரை நாள் அழுதுட்டுச் செத்துச்சு. அந்த அழுகையை வச்சே காலம் பூரா எங்க சொத்தைத் தின்னான். ஓக் காட்டையெல்லாம் வெட்டி வித்தான். நானும் அக்காவும் அவன் தட்டுல மிஞ்சினதைத் தின்னு வளந்தோம். அவன் ஒழிஞ்ச பிறகு பங்கு பிரிச்சாங்க. கோட்டையும் பேரும் மூத்தவளுக்கு, இந்தச் சேத்து நிலம் எனக்கு.

— நான் ஃபல்க் இல்ல.

— ஆமா, அவனைவிடக் கீழ. அவனுக்காவது சொந்தமா ஒரு வீடு இருந்துச்சு. நீங்க வந்தப்ப இரவல் கவசமும் நொண்டிக் குதிரையும்தான்.

— அந்த நொண்டிக் குதிரைக்காரனைத்தான் உங்கக்கா ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டா. அது உனக்கு இன்னும் எரியுது. இல்லன்னா பாதிரியார்கிட்ட ஓடியிருப்பியா? புள்ள செத்துப் பொறந்துச்சு, ஞானஸ்நானமே ஆகலன்னு நீதானே சொன்ன? மருத்துவச்சியையும் மிரட்டி அதையே சொல்ல வச்ச.

— உள்ளதைச் சொன்னேன்.

— அவரும் நம்பிட்டாரு. ஞானஸ்நானம் இல்லாத புள்ளைக்குக் கோயில் மண்ணு கிடையாதாம். வேலிக்கு வெளிய, தூக்குல தொங்கினவனுங்களோட புதைக்கச் சொல்றாரு. என் வீரனுங்க சத்தியம் அவருக்கு வேண்டாமாம். உள்ள இருந்த பொம்பளை வந்து சொல்லணுமாம்.

— நல்ல வழி பிடிச்சீங்களே! கோயில்ல நான் அழுததுன்னு சொன்னா, நாளைக்கு அதிகாரி காதுக்கும் அது போகும். கோட்டையை என் வாயாலயே உங்களுக்குத் தூக்கிக் கொடுக்கணும், அதானே? செத்த குழந்தையைக் காட்டிப் பட்டம் வாங்க வந்த ஆளு. தூ!

— துப்பிட்டியா? சரி. இப்ப கேட்டுக்க. காலையிலயே அதிகாரியைப் பாத்துட்டேன். ஆல்டன்மூர் எனக்கு வேண்டாம்னு முத்திரை வச்சுக் கொடுத்துட்டேன். கோட்டை உனக்கு, பேரும் உனக்கு. நாளைக்கு விசாரணையே இல்ல.

— என்ன நாடகம் இது?

— நாடகம் இல்ல. அது தெரியாமலே நீயா உண்மையைச் சொல்றியான்னு பாத்தேன். சொல்லல. போகட்டும். என் மேலங்கிக்குள்ள இருக்கறது மூட்டை இல்ல, ஏவிஸ். என் பொண்ணு. கோயிலுக்கு வந்து, இவ அழுதான்னு ஒரு வார்த்தை சொல்லு. அவ அம்மா பக்கத்துல படுக்க வச்சுட்டு நான் எங்கயாவது போயிடறேன். உன் வாசல் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.

— மழையில நிக்காதீங்க. உள்ள கொண்டாங்க அவளை.

— கோயிலுக்கு வர்றியா, இல்லையா?

— வர்றேன். அழுதா. மருத்துவச்சி எடித் அவசர ஞானஸ்நானம் கொடுக்க அவ தலையில தண்ணி ஊத்தினப்ப நல்லாவே அழுதா. ஆனா அதை யார்கிட்டயும் சொல்லக்கூடாது, வாரின் இன்னொரு ஃபல்க் ஆயிடக்கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டுச் செத்தது உங்க பொண்டாட்டி.