தொண்டையில் ஒரு பிரேக்

— பூனையக் கொஞ்சினா மட்டும் குரல் தேனா ஒழுகுது, டாக்டரம்மா. கட்டின புருஷன் 'சாப்டியா'ன்னு கேட்டா, யாரோ கழுத்த நெரிக்கற மாதிரி முக்கறா.

— கொஞ்சம் இருங்க சார். அம்மா, மூக்குல கேமரா இருக்கு, அசையாதீங்க. வேலையில தினம் சொல்ற வரி ஒண்ணு சொல்லுங்க.

— ப... பய...ணிகள் க...வனத்துக்கு...

— பஸ் ஸ்டாண்டுல இவ மைக்கப் பிடிச்சா, பாதி சிகரெட்டக் கீழ போட்டுட்டு வண்டியில ஏறுவேன். அப்படிப்பட்ட குரல். இப்ப லீவு போட்டு உக்காந்திருக்கா. என்மேல கோவமாடீன்னா இல்லன்னு தலைய ஆட்டறா. என்னத்த நம்பறது?

— திரையப் பாருங்க சார். வெள்ளையா ரெண்டு மடிப்பு தெரியுதே, அதுதான் குரல்நாண். பேச ஆரம்பிச்சதும் எப்படி இறுக்கிக்குது பாத்தீங்களா? அம்மா, இப்ப பூனை மடியில படுத்திருக்குன்னு நெனச்சுக்கங்க.

— என் செல்லம், யாரு உன்ன வெரட்டினா? இந்தக் கெழட்டு டிரைவரா?

— அடேயப்பா. என்னமா அசையுது.

— அதே தொண்டை, அதே நரம்பு. சிரிச்சா, பாடினா, கொஞ்சினா மூளை வேற வழியா உத்தரவு அனுப்பிடுது. சாதாரணமா பேசறப்ப மட்டும் உள்ளுக்குள்ள எங்கயோ தப்பான கட்டளை பொறப்பட்டு, சதையப் பிடிச்சுக்குது. கோவமும் இல்ல, நடிப்பும் இல்ல.

— அப்ப, ஆக்ஸிலேட்டர மிதிக்கறப்பவே எவனோ பிரேக்கையும் மிதிக்கறான்.

— இதவிட நல்லா நான் சொல்லிட முடியாது சார்.

— இம்மாத்துண்டு சதை. செகண்டுக்கு எத்தன தடவ அடிச்சுக்கும்?

— பெண் குரல்னா இருநூறு தடவ போல.

— என் எஞ்சினே மூச்சு வாங்கும். இத்தன வருஷம் இத ஓட்டினவ நீ. ஊரு என்னைப் போயி டிரைவர்ங்குது.

— இ...வருக்கு இ...ப்ப...

— 'இவருக்கு இப்பவாவது புரிஞ்சுதே'ங்கறா டாக்டரம்மா.

— எனக்கே பிடிபடல, நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— உதட்டையும் கண்ணையும் விடாம பாக்கணும். பழகிடுச்சு.

— தொண்டையில ஒரு ஊசி போட்டா இறுக்கம் தளரும். சில மாசம் நல்லா பேசலாம், அப்புறம் திரும்பப் போடணும். கீழ மருந்துக்கடையில இந்தச் சீட்டுல இருக்கற மருந்த வாங்கிட்டு வந்துடறீங்களா?

— இதோ, ஒரே ஓட்டத்துல போயிட்டு வந்துடறேன் பாருங்க.

— எங்க வீட்டுக்காரர் போயிட்டாரா, டாக்டரம்மா?

— அம்மா, கிசுகிசுன்னு பேசினா தடங்கலே இல்லயே. நாண் ரெண்டும் ஒட்டாததால இறுக்க வழியில்ல. ஊசி வரைக்கும் வீட்ல அவர்கிட்ட இப்படியே பேசலாமே.

— அது எனக்கு மொதல்லேந்தே தெரியும். கிசுகிசுன்னு சொன்னா பேப்பர்லேந்து தலையத் தூக்காம 'ம்'முன்னுடுவார். குரல் மாட்டிக்கிட்டாத்தான், பேப்பரக் கீழ வெச்சுட்டு என் மூஞ்சியப் பாக்கறார்.