தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடி றால்கள்

தலைமைக் கதிரையை அணிசெய்யும் அம்மையார் கேதீஸ்வரி அவர்களே, முன்வரிசையில் முகம் இறுக்கி வீற்றிருக்கும் தொழிற்பயிற்சி நிலைய நியமனக் குழுவினரே, மண்டூரிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வாசலில் நின்றே கேட்கும் வாவிக்கரை மீனவத் தோழர்களே! ஓய்வுபெற்ற பௌதிகவியல் வாத்தியார் நல்லரத்தினத்தின் வணக்கமும் ஸலாமும் உங்கள் அனைவருக்கும் உரித்தாகட்டும்!

ஒலிவாங்கியை இரண்டடி தள்ளி வைக்கவா என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கண்ணாடிக் கலைஞர் நஸீறாவைப் பாராட்ட என்னை அழைத்தார்கள். யார் இந்த நஸீறா? கட்டாரிலே ஓர் ஆய்வுகூடத்துக்குத் தரை துடைக்கப் போனவர். உடைந்த குழாய்களை அங்கே ஒருவர் தீயிலே திருத்துவதைக் கண்டு, தேநீர் நேரத்தையெல்லாம் அவர் மேசையருகே செலவிட்டுத் தொழிலைக் கைக்கொண்டவர். ஏறாவூருக்குத் திரும்பியதும் முதலில் எதைச் செய்தார்? பாடசாலைகளின் உடைந்த குடுவைகளைச் சீர்செய்தார். பிறகு பாசிமணி. பிறகு நண்டு. பிறகு இறால், நம் வாயிலே றால்!

தீ பார்த்திருக்கிறோம்; தீயை எழுதுகோலாய்ப் பிடித்தவரைப் பார்த்திருக்கிறோமா? இடக்கை கண்ணாடிக் குச்சியை ஓயாமல் உருட்ட வேண்டும். ஒரு கணம் நின்றால் உருகியது தொங்கிவிடும். றாலின் மீசை தலைமயிரளவு. அதை இழுக்கும்போது மூச்சையும் அடக்க வேண்டும். செய்து முடித்ததை உடனே காற்றில் வைத்தால் வெடிக்கும். சூளை இல்லாத காலத்தில், கிரான் அரிசி ஆலையிலிருந்து சூடான உமிச்சாம்பல் வாங்கி, அதற்குள் புதைத்து ஆறவைத்தார்.

என்ன, பின்னாலே ஒருவர் கேட்கிறீர்கள்? நம் வாவியின் பெயர்போன பாடும் மீனைச் செய்யவில்லையா என்றா? எல்லாரும் அதைத்தான் கேட்டோம். “பாட்டைக் கேட்ட ஆக்கள் இரிக்கிற. மூஞ்சியக் கண்ட ஆரும் இரிந்தா வரச் செல்லுங்க” என்றார் நஸீறா. இன்றுவரை ஒருவரும் போகவில்லை.

சிரித்தது போதும். இனி மூன்று ஆண்டுகளுக்கு முந்திய கதைக்கு வருகிறேன்.

இதே மண்டபத்து முகப்புக்குக் கண்ணாடியிலே ஒரு கண்டல் மரக் கிளை செய்வதென்று தீர்மானித்தோம். மண்டப அலங்காரக் குழுவின் தலைவன் நான். எனக்கொரு ஆசை. வாவிக்கரையில் பொறுக்கிய பச்சைப் போத்தல்களையே உருக்கி இலைகள் ஆக்க வேண்டும். நம் வாவி, நம் போத்தல், நம் கலை! எவ்வளவு அழகான வாசகம்! நஸீறா மறுத்தார்.

“சேர், போத்தல் கண்ணாடியும் என்ட குச்சிக் கண்ணாடியும் ஒரேமாதிரிச் சுருங்காது. இண்டைக்கு ஒட்டி நிக்கும், நாளைக்கும் நிக்கும். பொறகு தானா வெடிக்கும்.”

நான் என்ன செய்தேன்? போத்தல் இலை இல்லையென்றால் வேலையும் இல்லை என்று கையொப்பமிட்டுக் கடிதம் அனுப்பினேன். அவர் செய்தார். இரண்டு நாள் தொங்கியது. மூன்றாம் நாள், திறப்பு விழாவில், பிரதம விருந்தினர் வாழ்த்திப் பேசிக்கொண்டிருக்கையில் ‘டிக்’ என்றொரு சத்தம். பிறகு இன்னொன்று. இலைகள் ஒவ்வொன்றாய் விழுந்தன.

அரைகுறை வேலை என்றார்கள். ஆமென்று தலையாட்டினேன். கட்டாரில் துடைப்பம் பிடித்த கை என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன். போதனாசிரியர் பதவிக்கு அவர் போட்ட விண்ணப்பத்தை, முன்வரிசைப் பெரியோர்களே, அந்த உடைவைக் காரணம் காட்டியே நிறுத்தி வைத்தீர்கள். அவர் வாய் திறந்திருந்தால் நம்பியிருப்பீர்களா? வெப்பத்தால் பொருள் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்று முப்பது ஆண்டு கரும்பலகையில் எழுதியவன் நான். இவருக்கா தெரியாது என்றிருப்பீர்கள். எனக்குத் தெரியும், மேடையில் சொல்ல ஒரு வாசகம் கிடைத்ததும் தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

யார் அது, என் பழைய மாணவன் நிதுர்ஷனா? உரக்கக் கேள் தம்பி, எல்லாருக்கும் விளங்கட்டும்.

“அப்ப ஏன் சேர் மூணு வரியமாச் சொல்லல்ல?”

பயம். வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

அந்தக் கடிதத்தின் பிரதி இதோ. தலைவர் அம்மையார் கையிலே தருகிறேன். நியமனக் குழு வாசிக்கட்டும். திங்கட்கிழமை நஸீறாவின் விண்ணப்பம் மீண்டும் உங்கள் மேசைக்கு வருகிறது. பிழை எவருடையது என்று கேட்டால் என் பெயரை எழுதுங்கள். வேலை எவருடையது என்று கேட்டால்…

அண்ணாந்து பாருங்கள்! நாற்பது றால்கள், ஒரே கண்ணாடி, ஒரே கை. மீசை ஒன்றுகூட முறியாமல் மூன்று கிழமையாய்த் தொங்குகின்றன. எல்லாம் சரியாக என் மொட்டைத் தலைக்கு மேலே. அதனால்தான் ஒலிவாங்கியைத் தள்ள வந்தார்கள். உடைந்த இலைகளுக்கு நான் பொறுப்பென்றால், உடையாத இந்த றால்களுக்குக் கீழே நின்று பேசுவதும் என் கடமை. எத்தனை நிமிடம் பேசினேன் என்று பார்க்கவில்லை. ஒருமுறைகூட நான் அண்ணாந்து பார்க்கவில்லை என்பதை நீங்கள் பார்த்தீர்கள்.

நஸீறா, என்னை மன்னிக்க வேண்டுமென்று இத்தனை பேர் முன்னால் கேட்டு உங்களை நெருக்க மாட்டேன். ஒருமுறை நெருக்கியது போதும்.

பொறுமையாய்க் கேட்ட சபைக்கு நன்றி. இடைமறித்துக் கேட்ட தம்பிக்கு இன்னும் பெரிய நன்றி. வணக்கம், ஸலாம், நான் இறங்குகிறேன், றால்கள் அங்கேயே இருக்கும்.