பதாகையைப் பிடித்த கை

கிரான்பர்ன் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்தவள் தோழியிடம் சொன்னாள்:

“அந்த அமெரிக்க நடிகர் ஊர்வலத்தில கைதாகப் போறதெண்டா கலியாணவீட்டுக்குப் போற மாதிரி வெளிக்கிட்டுப் போறார்.”

“படங்கள் கிடைக்குதோ?”

“கனகாலம் ஒருத்தரும் குடுக்கேல்லையாம். ஆனாலும் ஊர்வலமெண்டா முன்வரிசைதான். தெரிஞ்ச முகம் முன்னுக்கு நிண்டாத்தான் கமரா வருமாம்.”

“அவருக்கென்ன, அந்த நாட்டுச் சிற்றிசன். நாங்கள் பிரிட்ஜிங் விசா, முடிவு வரும்வரைக்கும் தற்காலிகம்தான்.”

“ஓம். அதுதான் ஞாயிற்றுக்கிழமை அகதிகள் ஊர்வலத்தில நான் பதாகையால முகத்தை மறைச்சுக்கொண்டு நிண்டனான். இணையத்தில வந்த படத்தில முகமே தெரியேல்லை.”

“நல்லதுதானே.”

கிளேட்டன் நிலையத்தில் கதவு திறந்து மூடியது.

“காலமை ஊரிலயிருந்து அம்மா போன் எடுத்தவ. படத்தைப் பாத்திட்டு, பதாகையைப் பிடிச்சிருக்கிற கை உன்ரதானே எண்டு கேட்டவ.”

“என்ன சொன்னனீ?”

“இல்லையெண்டு சொல்லிப்போட்டன்.”