இருபத்துநான்கு சொல்லுக்கும் ஒரு முத்திரை

எங்கள் பக்கம் எந்தக் கடதாசியானாலும் ஜேபி, அதாவது சமாதான நீதவான், முத்திரை குத்தினால்தான் செல்லும். அக்கரப்பத்தனை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த கடைக்காரர் தன் மனைவியின் தம்பியிடம் சொன்னார்:

“இருபத்திநாலு சொல்லுக்கும் ஜேபி ஐயாகிட்ட சீல் வாங்கிட்டேன், மாப்ள.”

“எந்தச் சொல்லுங்க?”

“பிட்கொயின் வைக்கிற சின்ன மெஷின் வாங்கினேன்ல. அது தொலைஞ்சாலும், அது குடுத்த இந்தச் சொல்லு இருந்தா எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கலாம்.”

“வேற யாருக்காவது கெடைச்சா?”

“அவன் எடுத்துக்குவான். அதான் யாருக்கும் காட்டக் கூடாதுன்னு மெஷின் பெட்டியில போட்டிருக்கு.”

“ஜேபி பாத்தாருல்ல?”

“வாசிக்காம எப்படி உண்மைப் பிரதின்னு சீல் குத்துவாரு?”

“பிரதி எங்க எடுத்தீங்க?”

“பஸ் ஸ்டாண்ட் போட்டோகொப்பி கடையில. நம்ம கையெழுத்து வெளங்கலன்னு அந்தம்மா கம்ப்யூட்டர்லயே அடிச்சு, மூணு கொப்பி குடுத்தாங்க. நல்ல மனுசி.”

மைத்துனர் பின் சீட்டுகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“வீட்டுக் காசு பூரா அதுலதான இருக்கு. அக்காகிட்ட காட்டுனீங்களா?”

கடைக்காரர் அப்போதுதான் குரலைத் தாழ்த்தினார்.

“எப்படிக் காட்டுறது மாப்ள? யாருக்கும் காட்டக் கூடாதுன்னு போட்டிருக்கே.”