எழுதுகிறவளுக்கு எதிர் வீட்டிலிருந்து சில யோசனைகள்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, அதற்கு ஒரு கால் சரியில்லை. இப்படி ஜன்னலோரம் வந்து உட்காருங்கள். இங்கிருந்து எதிர் வீட்டுக் கதவு நன்றாகத் தெரியும். நீங்கள் மணி அடித்ததையும், யாரும் திறக்காததால் செருப்பு வைக்கும் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றதையும் இங்கிருந்துதான் பார்த்தேன். அவள் வேலையிலிருந்து வர இன்னும் நேரமாகும். புருஷனும் நாத்தனாரும் வெளியே போயிருக்கிறார்கள். எங்கே என்றும் எனக்குத் தெரியும், ஆனால் அது இப்போது வேண்டாம்.

நீங்கள் பத்திரிகைக்காரர். அவளுடைய சிறுகதையைப் போட்டுவிட்டு, நாவல் இருந்தால் கொடுங்கள், தொடராக வெளியிடுகிறோம் என்று கேட்டவர். சரி என்றவள் திடீரென்று எழுதுவதையே விட்டுவிட்டேன் என்றால் யாருக்கும் காரணம் கேட்கத் தோன்றும்தான். அவளிடம் கேட்டுப் பயனில்லை. அவளுக்கே முழுசாகத் தெரியாது. எனக்குத் தெரியும். நிதானமாகக் கேளுங்கள்.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்குக் கண்ணாடிக் கடை. வருகிறவர்களை உட்காரவைத்து, எதிரே எழுத்துப் பலகையைக் காட்டி, இந்த லென்ஸில் தெளிவாகத் தெரிகிறதா, அதிலா என்று கேட்கிற வேலை. இந்தக் குடியிருப்பில் எல்லாரும் அவளைக் 'கண்ணாடிக்காரி' என்பார்கள். பெயரை வைத்தது நான்தான். என்னை எல்லாரும் 'எழுத்தாளரம்மா' என்பார்கள். ஒரு வார இதழில் என் துணுக்கு ஒன்று வந்திருக்கிறது. துணுக்குதான், ஆனால் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

அதனால்தான் அவள் என்னிடம் வந்தாள். முதல் அத்தியாயத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பல்லைப் பிடுங்கக் காத்திருப்பவள் மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்தாள். நான் படித்தேன். கண்ணாடியைக் கழற்றியதும் மனிதர்கள் எப்படிக் குழந்தை முகமாகிவிடுகிறார்கள், பலகையில் கடைசி வரி தெரியாமலே தெரிகிறது என்று எப்படிப் பொய் சொல்கிறார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாள். படித்து முடித்ததும் காகிதங்களைத் தட்டி அடுக்கித் திருப்பி நீட்டினேன்.

"எப்படி அக்கா இருக்கு?"

"நல்லாருக்கு. ஆனா ஆரம்பம் இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கலாமே" என்றேன்.

எந்த எழுத்தைப் பார்த்தும் யாரும் சொல்லக்கூடிய ஒன்று இது. படிக்காமலேகூடச் சொல்லலாம். அதோடு இன்னொன்றும் சொன்னேன்: ஆரம்பம் திருப்தியாக வருகிறவரை அடுத்த அத்தியாயத்தைத் தொடாதே, அஸ்திவாரம் சரியில்லாமல் மாடி கட்டலாமா. கேட்கிறவர்களுக்கு அதில் குறை தெரியாது. அவளும் முதல் அத்தியாயத்தை எழுதினாள், அடித்தாள், எழுதினாள். மழைக்காலம் தொடங்கி முடிந்தது. கதைக்குள் அந்தக் கடை இன்னும் காலை ஷட்டரைத் தூக்கிக்கொண்டே இருந்தது.

வேண்டுமென்றே செய்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை தம்பி. அப்போது உண்மையிலேயே உதவிதான் செய்தேன்.

அடுத்தது நேரம். அவள் கடையில்தான் எழுதுவாள். ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் நாலு வரி, லென்ஸ் தேய்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது நாலு வரி. "துண்டு துண்டா எழுதினா கதையும் துண்டு துணியாத்தான் இருக்கும்மா. மனசு அமைதியா, கையில முழுசா நேரம் இருக்கும்போது உட்காரு" என்றேன். குடும்பத்துப் பெண்ணுக்கு முழுசாக நேரம் எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா. சாகும்போதுகூட அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுத்தான் சாவோம். அவள் கடையில் விடுப்பு சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். விடுப்பு வந்தது. கூடவே புருஷன் வீட்டுச் சொந்தக்காரர்களும் வந்தார்கள்.

பிறகு, நாலு பேரிடம் கருத்துக் கேள் என்றேன். புருஷன் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவர், தங்கமான மனிதர். முதல் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான், கதையில வர்ற அந்தப் பழைய ஃப்ரிட்ஜ் எதனால ஓடலைன்னு கடைசிவரைக்கும் சொல்லவேயில்லையே. கம்ப்ரசரா, கேஸா?" என்றார். நாத்தனார், "கதாநாயகி ஏன் இவ்வளவு லேட்டா எந்திரிக்கிறா? நாலு பேரு படிக்கிறது இல்லையா" என்றாளாம். கடை முதலாளி, புதிதாக வந்திருக்கும் கண்கூசாத லென்ஸைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். இவள் மூன்றையும் சேர்த்தாள். அந்த வடிவத்தை நீங்கள் படித்திருக்க வேண்டும். நான் சிரித்த சிரிப்பில் ஜன்னலைச் சாத்த வேண்டியதாயிற்று.

ஆனால் அவள் லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் வந்து, "அக்கா, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். முதல்ல எழுதினதையே வச்சுக்கிட்டு மேல எழுதப் போறேன். ஆரம்பம் அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான பாடம் அது. அதை அவள் தானாகவே கற்றுக்கொண்டது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

அப்போதுதான், மீதிக் கதையை வாய்விட்டு எனக்குச் சொல் என்றேன். சொல்லித் தீர்த்த கதையை எழுதக் கை வராது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. வம்பு பேசுகிற எங்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். ஒரு சேதியைக் குடியிருப்பு முழுக்கச் சொல்லி முடித்த பிறகு அது யாருடைய சேதி என்றே அக்கறை போய்விடும். சாயங்காலந்தோறும் அவள் இதே ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னாள். அதுவும் பலிக்கவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்குச் சூடு ஏறியது. இங்கே சொன்னதை மறுநாள் கடையில் எழுதினாள். அந்தச் சமயத்தில்தான் நீங்களும் அவளுடைய சிறுகதையைப் போட்டு நாவல் கேட்டீர்கள். "அக்கா, உங்களாலதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நாவலில் ஒரு வயசான பெண் வருகிறாள். கிட்டத்துப் பார்வை சுத்தமாகக் கிடையாது, கண்ணாடி போடவும் மாட்டாள், ஆனால் வீட்டில் எல்லார் வேலையிலும் குற்றம் கண்டுபிடிப்பாள். நல்ல பாத்திரம். கடைக்கு வருகிற ஒரு அம்மாவைப் பார்த்து எழுதியது. இதை அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

நான் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனேன். நாத்தனார் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு போர்வை உதறிக்கொண்டிருந்தாள்.

"உங்களை வச்சுத்தான் எழுதுறா போலிருக்கே. நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றேன்.

கிளிப் கீழே விழுந்தது. "என்னையா? என்னன்னு?"

"அட, கண்ணு தெரியாத மாதிரி ஒரு பொம்பளை, எதுக்கெடுத்தாலும் குத்தம் சொல்றவ. கதைதானே, விடுங்க. பாசமாத்தான் எழுதியிருப்பா."

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அவ்வளவுதான். பழத்துக்கே வலிக்காது. கடைக்கு வருகிற அம்மாவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறக்கவில்லை.

அந்த நாத்தனாரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அதற்காகவே கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டவள். அன்றைக்கு எதிர் வீட்டில் எழுந்த சத்தத்துக்கு நான் காதைத் தீட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நான் குருடியா? ஊரே படிச்சுச் சிரிக்கணுமா? இந்தா, என் பெட்டியை எடுத்துக்கிட்டு நான் கிளம்புறேன்."

"அண்ணி, அது நீங்க இல்லை. சத்தியமா இல்லை."

"பின்ன யாரு? எதிர் வீடு வரைக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியக் கூடாதா?"

தங்கமான புருஷன் கடைசியில் வாய் திறந்தார். "அக்கா மனசு நோகுற மாதிரி நமக்கு எதுக்கும்மா இந்த வேலை? கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையேன்." அவர் கத்தியிருந்தால் இவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். கெஞ்சினார்.

மறுநாள் அவள் கடைப் பையில் எல்லாக் காகிதங்களையும் போட்டு எடுத்துவந்தாள். நாவல் முடிந்துவிட்டிருந்தது தம்பி. கடைசி அத்தியாயத்தைச் சண்டைக்கு முதல் நாள்தான் முடித்திருந்தாள். "வீட்ல இருந்தா கிழிச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு. நீங்க பத்திரமா வச்சுக்கோங்க அக்கா. கோபம் ஆறினதும் வாங்கிக்கிறேன்" என்றாள். எல்லாம் கையெழுத்து. ஒரே பிரதி. எழுத வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய யோசனையே, இன்னொரு பிரதி எடுத்து வை என்பதுதான். இத்தனை யோசனை சொன்ன நான் அதை மட்டும் சொல்லவில்லை.

கோபம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் ஆறிவிட்டது. நாத்தனார் பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அடுக்கினாள். "எழுதித் தொலை, ஆனா அவளுக்குக் கண்ணாடி மட்டும் போட்டுவிடு" என்று சொல்லிவிட்டாளாம். இவள் சிரித்துக்கொண்டே பையை வாங்க வந்தாள்.

"உன் நாத்தனார் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களேம்மா" என்றேன். "போன வாரமே. நீ அனுப்பினதாச் சொன்னாங்க. கொடுக்க மாட்டேன்னு நான் எப்படிச் சொல்றது?"

இவள் திரும்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கேட்பாள், குட்டு வெளிப்படும் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். கேட்கவில்லை. கேட்டால் அந்த வீடு இரண்டாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. "உங்க மேல தப்பில்லை அக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். அதன் பிறகு ஒரு வரி எழுதவில்லை. நாத்தனாரிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. அந்த அம்மாள் பாவம், தான் என்ன செய்தோம் என்று தெரியாமல் என்னிடம் வந்து வந்து கேட்கிறாள். காலம்தான் மருந்து என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பையை வாங்க நாத்தனார் வரவே இல்லை. பையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அவர் போகும்போது, கையெழுத்துக் காகிதத்தில் பொட்டலம்கூட மடிக்க முடியாதம்மா என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பொறாமை என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. இல்லை. போடுவதற்கு முன்னால் முழுக்கப் படித்தேன். பல இடங்களில் கண் கலங்கினேன். அதைவிட நன்றாக எழுத எனக்கு வராது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

அவள் இங்கே உட்கார்ந்து கதை சொன்ன நாட்களில் ஒருமுறை கேட்டேன். குடியிருப்பே அதில் இருந்தது. காவல்காரர் இருந்தார், மாடி வீட்டுப் பல் டாக்டர் இருந்தார், நாய்கூட இருந்தது. "எல்லாரும் வர்றாங்க. எதிர் வீட்ல யாரும்மா?" என்றேன்.

"எதிர் வீடா? அது பூட்டியே இருக்கிற மாதிரி வச்சிருக்கேன் அக்கா" என்றாள், ரொம்ப சகஜமாக. "கதைக்கு அங்க ஆள் தேவைப்படலை."

கடைசி அத்தியாயம் வரைக்கும் தேடிப் பார்த்தேன். பூட்டியேதான் இருந்தது.

எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை தம்பி. அது ஒரு கதைக் குறை, அவ்வளவுதான். நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் திருத்தியிருப்பாள், அவள் அப்படிப்பட்ட பெண். ஆனால் இடம் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்தவர் விஷயத்தில் நுழைகிற பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.