பஸ் செய்ற ஊர்ல ஒரு பஸ் ஸ்டாப்

இல்லக்கா, நீங்களே சொல்லுங்க. ஒரு நாளைக்கு இருபது பஸ் செஞ்சு தள்ளுற ஊர்ல, ஒரு பஸ்ஸுக்கு முக்கா மணி நேரம் தேவுடு காக்கணுமா? ஒம்போதுக்கு எனக்கு யூனிவர்சிட்டில ஆய்வேட்டுத் தேர்வு. மூணு பேராசிரியருங்க உக்காந்திருப்பாங்க. பிந்தினா அடுத்த வருஷம்தான். இப்பவே எட்டேகால். தலைப்பு என்ன தெரியுமா? 'ஸம்பியாஸி பஸ் கம்பெனியின் வளர்ச்சி'. சிரிக்காதீங்க.

மாத்தே டீயா? குடுக்கையக் கொடுங்க... ம், கசப்பு சரியா இருக்கு.

கம்பெனிய ஆரம்பிச்ச அந்தக் கெழவர் ஸம்பியாஸி, திராட்சை வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கிட்டிருந்த மனுஷன். ஒரு ஓட்டை லாரியோட அடிச்சட்டத்து மேல பலகைய அடிச்சு, ஜன்னல் வெச்சு, பஸ்ஸுன்னுட்டாரு. மூணு மாசம் ஆச்சாம். கட்டி முடிச்சப்புறம்தான் பட்டறை வாசல் சின்னதுன்னு தெரிஞ்சுது. சுவர இடிச்சு வெளிய எடுத்தாங்க. கம்பெனிப் புத்தகத்துல அதுக்குப் பேரு 'முதல் விரிவாக்கம்'.

இன்னிக்கு நம்ம ஊர் பஸ் சிலிக்குப் போகுது, அங்கோலாவுக்குப் போகுது. அதோ பாருங்க, இங்க கூடு கட்டிக்க சாவோ பாவ்லோலேர்ந்து இன்னொரு வெறும் அடிச்சட்டம் ஓடி வருது. கூரையும் இல்ல, சுவரும் இல்ல, ஓட்டுறவரு ஹெல்மெட் மாட்டிக்கிட்டுக் குளிர்ல விறைச்சுப்போய் உக்காந்திருக்காரு. காலைலேர்ந்து நாலாவது. எஞ்சின் இருக்கு, சக்கரம் இருக்கு, என்னை ஏத்திக்க ஒரு பலகை இல்ல.

ஆமா, குடிச்சுட்டுத் திருப்பித் தராம குடுக்கை என் கையிலயே இருக்கு. பிடிச்சுக்கிட்டே பேச அது மைக்கு இல்லன்னு எனக்கும் தெரியும். இந்தாங்க.

பழைய முப்பத்தெட்டாம் நம்பர் பஸ்ஸா? அது... அரை மணிக்கு ஒண்ணு வந்துச்சுதான். ஆனா மழை பெஞ்சா உள்ள குடை பிடிக்கணும். உலகத்துக்கே பஸ் குடுக்குற ஊருக்கு அது அவமானமில்லையா? அதான் நகராட்சிக்கு மனு போச்சு. நானூத்திப் பன்னெண்டு கையெழுத்து. 'புது பஸ் விடுங்கள், இல்லையேல் இதை நிறுத்துங்கள்.' ரெண்டாவத மறுநாளே செஞ்சுட்டாங்க. இப்போ இந்தப் பக்கம் சுத்திப் போற வேற பஸ்தான், ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. அதுவும் வந்தா.

யார் எழுதினதா?

...நான்தான். அந்த 'இல்லையேல்' எழுதுறப்ப ரொம்ப கம்பீரமா இருந்துச்சு.

ஏன் எழுந்துட்டீங்க? பஸ் இன்னும் வரலயே. ஓ. நீங்க பஸ்ஸுக்கு உக்காரலயா, கொஞ்சம் இளைப்பாறவா உக்காந்தீங்க? முப்பத்தெட்ட நிறுத்துனதுலேர்ந்தே நடையா? நாலு மாசமா, இந்த மேடு ஏறியா?

அக்கா, கொஞ்சம் நில்லுங்க. யூனிவர்சிட்டி தாண்டித்தான போகணும்? பையக் கொடுங்க, நான் தூக்கிட்டு வர்றேன்.

பேசாமத்தான் வருவேன்.