முந்திப் போட்ட இரங்கல்

— ஆட்டை வெளியவே கட்டு, பொகுவா. அது உங்க குடும்பத் தலைவருக்குப் போக வேண்டியது.

— அவர்தான் என்னை இங்க அனுப்பினாரு, செர்வா அத்தை. அவருக்குச் சொல்றதுக்கு முன்னாடி மாமா செத்ததை நான் ஃபேஸ்புக்ல போட்டுட்டேன்ல. அதுக்கு அபராதம் ஒரு ஆடு, ரெண்டு பாட்டில் சாராயம். நீங்களும் மன்னிச்சாத்தான் சனிக்கிழமை சடங்குல என்னைக் குடும்பத்தோட உக்கார விடுவாராம்.

— நான் யாரு மன்னிக்க? நீ என் புருஷனோட அக்கா மக, ரத்தம். நான் வெறும் பொண்டாட்டி.

— அப்படிச் சொல்லாதீங்க அத்தை.

— உங்க ஆளுங்க சொல்றதுதான். உக்காரு. தண்ணி குடி.

— சத்தியமா பாசத்துல போட்டது.

— வேற யாராவது முந்திடுவாங்கன்னு போட்டது.

— அதுவும்தான்.

— உனக்கு யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. காலையில ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் காலி, மெத்தையைச் சுருட்டி வச்சிருந்தாங்க. அங்கயே நின்னு போட்டுட்டேன்.

— நர்ஸைக் கேக்கல.

— அழுதுட்டிருந்தேன் அத்தை.

— அழுதுகிட்டே படமும் தேடியிருக்க. எங்க கல்யாணப் படம். என்னை வெட்டிட்டு.

— கட்டத்துக்குள்ள அடங்கல.

— சரி. அவரை வேற வார்டுக்கு மாத்தியிருந்தாங்க. மத்தியானம் என் கையால சோளக் கஞ்சி குடிச்சாரு.

— அப்புறம்தான் எனக்கும் தெரிஞ்சது. அழிச்சுடலாம்னு பாத்தா, அதுக்குள்ள குமாசி ஊரே அழுதுட்டிருந்துச்சு. என்ன பண்றதுன்னு முழிச்சுட்டு இருந்தேன். சாயங்காலம் மாமா...

— உனக்கு ஒத்தாசை பண்ணிட்டாரு.

— இதைக் குடும்பத் தலைவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஆடு சாராயத்தோட விடமாட்டாரு.

— சொல்லல. போனை எடு. அதுக்கு லைக் போட்டவங்க பேரைப் படி.

— ஆயிரம் பேர் இருப்பாங்க அத்தை.

— முதல்ல போட்டவங்க பேரு போதும்.

— இருங்க... கீழ போகணும். இதோ. இது... மாமா பேரு. அவரு போன் உங்ககிட்ட இருந்துச்சா?

— அவரு கையிலதான் இருந்துச்சு. சாயங்காலம் நீ எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டினாரு. "நல்லா எழுதியிருக்கா"ன்னாரு.

— அத்தை...

— "எல்லாருக்கும் சொல்லியாச்சா, அப்ப சரி"ன்னுட்டு, கண்ணாடியைக் கழட்டி என் கையில குடுத்தாரு.